'நடவுங்கோ' என்கிறார்கள், எங்கே, எப்படி? முதியவர்களுக்கு ஏற்ற மெல்லிய உடற்பயிற்சிகள்

மாதாந்தக் கிளினிக்கிற்குப் போய்வரும் எங்கள் முதியவர்கள் அநேகமாக இரண்டு விடயங்களோடு வீடு திரும்புகிறார்கள். ஒன்று குளிசைப் பை. மற்றது "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடவுங்கோ" என்ற ஒரு வரி. குளிசையை எப்போது, எத்தனை போட வேண்டும் என்று பையில் எழுதியிருக்கும். எங்கே நடப்பது, எவ்வளவு நடப்பது, முழங்கால் நொந்தால் என்ன செய்வது, ஒரு கால் இல்லாதவர் என்ன செய்வது என்று எழுதிக் கொடுப்பவர் எவருமில்லை. விடியற்காலையிலிருந்து ஆட்கள் வரிசையில் காத்திருக்கும் கிளினிக்கில் வைத்தியரையும் குறை சொல்ல முடியாது. இயன்மருத்துவராக வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்த எனக்கு, இந்த ஒரு வரிக்கு விளக்கம் சொல்வதே பாதி வேலையாக இருந்தது.

உடற்பயிற்சி என்றவுடன் முதியவர்களிடமிருந்து வரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான். "என்ன பிள்ளை, வெங்காயம் நட்டு, தண்ணி இறைச்சு, மூட்டை தூக்கின உடம்பு. இனி என்னத்துக்கு எக்சசைஸ்?" 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தால் மூட்டை முடிச்சோடு நடந்தபோது 40 வயதாக இருந்தவருக்கு இப்போது 70 வயது. அதன் பிறகும் எத்தனை இடப்பெயர்வு. அந்த உடம்பு ஓய்வு கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தசைக்குச் சேமிப்புப் புத்தகம் கிடையாது. நாற்பது வருடம் உழைத்ததை அது வைப்பில் வைத்திருப்பதில்லை. 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயாளிகளுக்கல்ல, சுகமாக இருந்தவர்களுக்கு, பத்தே நாளில்.

இன்னொரு தடை தொலைபேசியில் வருகிறது. கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் பிள்ளை வீடியோ அழைப்பில், "அம்மா வெளியில திரியாதேங்கோ, விழுந்திட்டா ஆர் பாக்கிறது? வீட்டோட இருங்கோ" என்கிறது. பாசத்தில் சொல்வதுதான். அப்படி வீட்டோடு இருந்தால் தொடைத் தசை மெலிகிறது. தொடை மெலிந்தால் விழுகிறார்கள். பிள்ளை பயந்த அதே விழுகை வீட்டுக்குள்ளேயே, மலசலகூட வாசலில் நடக்கிறது.

எங்கள் பகுதிகளில் இந்த விடயம் கூடுதல் பாரமாவது தனிமையால்தான். ஒரு பிள்ளை வெளிநாட்டில், ஒரு பிள்ளை போரில், ஒரு பிள்ளை எங்கே என்றே தெரியாது என்று தனி வீட்டில் இருக்கும் தாய்மாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் இரவில் விழுந்தால் விடியும்வரை அயலுக்குத் தெரியாது. அதனால் உடற்பயிற்சி பற்றிக் கேட்டு வருபவரிடம் நான் முதலில் எடையையோ வயதையோ கேட்பதில்லை. "அம்மா, ஒருத்தரும் இல்லாத நேரத்தில நிலத்தில இருந்து எழும்புவீங்களோ? குந்தியிருந்து எழும்புவீங்களோ? பஸ் படி ஏறுவீங்களோ?" என்றுதான் கேட்பேன். இதில் எது முடியவில்லையோ அதற்குரிய பயிற்சிதான் அவருக்கு முதலில் வேண்டியது. அரை மணித்தியால நடை அதற்கு அடுத்ததுதான்.

குதிப்பது, ஓடுவது, படியிலிருந்து தொப்பென்று இறங்குவது எல்லாம் மூட்டை இடிக்கும் அசைவுகள். ஒரு பாதமாவது நிலத்தை விட்டு அகலாமல், அல்லது உடற்பாரத்தைக் கதிரையோ தண்ணீரோ சைக்கிள் இருக்கையோ தாங்கிக்கொள்ள, மெதுவாகச் செய்பவையே நான் இங்கே மெல்லிய பயிற்சி என்று சொல்பவை. மெல்லியது என்பதற்காக அது பலனற்றது அல்ல.

எல்லாவற்றிலும் முந்தியது கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன் என்று அடம்பிடிப்பவருக்கு இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். கைபிடி உள்ள உறுதியான கதிரை வேண்டும். எங்கள் வீடுகளில் இருக்கும் பிளாஸ்ரிக் கதிரை சீமெந்து நிலத்தில் வழுக்கும். ஆகவே அதன் முதுகைச் சுவரோடு அணைத்து வையுங்கள். கதிரையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு நேரே வருமளவுக்கு உடம்பை முன்னே சாய்த்து எழும்ப வேண்டும். எழும்பும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இருக்கும்போது பொத்தென்று விழாமல், மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் தசை வேலை செய்கிறது. முதலில் கைபிடியை ஊன்றி ஐந்து தடவை. சில வாரங்களில் ஒரு கை. பிறகு கை ஊன்றாமல். எழும்பவே முடியாதவர் கதிரையில் ஒரு தலையணையைப் போட்டு உயரமாக்கித் தொடங்கலாம்.

பிள்ளையாருக்கு முன்னால் போடும் தோப்புக்கரணமும் இதே அசைவுதான். வயது போனவர்கள் முழுக்கக் குந்தத் தேவையில்லை. கதிரை இருக்கும் உயரம்வரை இறங்கி எழும்பினாலே போதும். பிள்ளையார் கணக்குப் பார்க்கமாட்டார்.

இதை வைத்தே உங்கள் நிலைமையையும் அளந்து பார்க்கலாம். கைகளை நெஞ்சில் குறுக்காக மடித்துக்கொண்டு 30 செக்கனில் எத்தனை தடவை முழுதாக எழும்பி இருக்கிறீர்கள் என்று பேரப்பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் பயன்படுத்தும் அளவின்படி, 70 முதல் 74 வயதுவரையான பெண் 10 தடவைக்குக் குறைவாகவும் ஆண் 12 தடவைக்குக் குறைவாகவும் எழும்பினால் விழும் ஆபத்துக் கூடியவர்கள். 80 முதல் 84 வரை பெண்ணுக்கு 9, ஆணுக்கு 10. குறைவாக வந்தால் மனம் சோர வேண்டாம். எழுதி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இந்த இடத்தில் பயப்படுவார்கள். 'தேய்மானம்' என்ற சொல்தான் பிரச்சினை. சைக்கிள் ரயர் தேய்வதுபோல, பாவிக்கப் பாவிக்கத் தேயும் என்று நினைத்து அசைவை நிறுத்திவிடுகிறார்கள். மூட்டு அப்படி இயங்குவதில்லை. குருத்தெலும்புக்குள் நேரடியாக இரத்தம் ஓடுவதில்லை. மூட்டு அசையும்போது அழுந்தி விரியும் அதற்குள் மூட்டுநீர் போய் வருவதால்தான் அது ஊட்டம் பெறுகிறது. முழங்காலில் விழும் பாரத்தைப் பகிர்ந்து தாங்குவது முன்தொடைத் தசை. அது மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டுக்கே. நோவு கூடிய நாட்களில் கட்டிலில் காலை நீட்டி இருந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதை முழங்காலால் ஐந்து எண்ணும்வரை அழுத்தி விடுங்கள். பத்துத் தடவை. எடை கூடியவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது: உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

எவ்வளவு நோவைப் பொறுக்கலாம்? பயிற்சியின்போது கொஞ்சம் நோகலாம். அடுத்தநாள் அதே நேரத்துக்குள் நோவு பழைய அளவுக்குத் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால், அல்லது மூட்டு வீங்கிச் சூடானால், அடுத்த தடவை பாதியாகக் குறையுங்கள். நிறுத்தத் தேவையில்லை. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து திருவலையில் தேங்காய் திருவுவதை மட்டும் மேசைக்கு மாற்றுங்கள். அது பயிற்சியல்ல, தண்டனை.

சமநிலைக்கு, குசினி மேடையையோ சுவரையோ பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் குதிக்கு முன்னால் மற்றப் பாதத்தை நேர்கோட்டில் வைத்து நில்லுங்கள். பிறகு பிடித்த கையைத் தளர்த்திப் பாருங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலையையும் தசைப் பலத்தையும் சேர்த்துப் பழக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தவர்களைக் கண்டதால் எழுதுகிறேன்.

இனி நடைக்கு வருவோம். அதே நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான அசைவு வேண்டும் என்கிறது. அந்த எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரே தடவையில் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும் என்றில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் என்று துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும். சாப்பிட்ட பிறகான நடை சீனி வருத்தக்காரருக்கு இரட்டிப்பு நன்மை. வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான அளவு.

எங்கே நடப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். ஏ9 வீதி ஓரத்தில் நடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊர் ஒழுங்கைகளில் நாய், மாரியில் சேறு. இராணுவ முகாம் வாசலைக் கடந்து போகக் கால் வராது என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. வேறு பக்கத்தால் நடந்தால் சரி. நான் பார்த்தவரையில் வசதியானவை கோயில் வெளிவீதி, தேவாலய வளவு, பாடசாலை விட்ட பிறகு அதன் மைதானம். வீட்டு முற்றத்தில் இரண்டு மரங்களுக்கிடையே போய்வருவதும் நடைதான். மணல் வீதி மூட்டுக்கு இதமாக இருந்தாலும் கணுக்காலை ஆட்டும், கெண்டைக்காலை விரைவில் களைக்க வைக்கும். பழக்கமில்லாதவர் பொல்லோடு தொடங்கட்டும். வெறுங்காலோடு வீதி சுற்றுவது சீனி வருத்தத்தால் பாதம் விறைத்தவர்களுக்குக் கூடாது. காலில் முள் ஏறியதே தெரியாமல் வருவார்கள். தேய்ந்த றப்பர் செருப்பும் கூடாது. பின்வார் உள்ள செருப்பு வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அடியழிக்க ஆயத்தமாகும் அன்ரிமாருக்கு ஒரு வார்த்தை: குந்தி எழும்பி, விழுந்து கும்பிட்டு வீதி சுற்றுவது மெல்லிய பயிற்சியல்ல. நேர்த்தி என்றால் இரண்டு மூன்று மாதம் முன்னரே கதிரைப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

சைக்கிள் ஓடிப் பழகியவர்கள் அதை விட வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்திலும் 2022 எரிபொருள் நெருக்கடியிலும் எங்களைக் காப்பாற்றிய வாகனம் முழங்காலுக்கும் நல்லது. மிதி கீழே போகும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும் உயரத்தில் இருக்கை இருக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுவார்கள். அந்த இரண்டும் தடுமாறத் தொடங்கினால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்கள் தாங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளியே பத்து அடி வைக்க முடியாதவர் தண்ணீருக்குள் பத்து நிமிடம் நடப்பார். காரைநகர் கசூரினாக் கடற்கரை ஆழமற்றது, அலை குறைந்தது. கீரிமலைக் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆனால் படிகள் வழுக்கும், தனியாக இறங்கக்கூடாது. நீந்தத் தேவையில்லை, நடந்தாலே போதும். முல்லைத்தீவுப் பக்கத்து முதியவர்கள் சிலர் கடலுக்கு வரவே மாட்டார்கள். 2004 இல் கடல் கொண்டு போனதும் 2009 இல் கடற்கரையில் கண்டதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களை வற்புறுத்தி அழைத்துப் போகும் பிள்ளைகளிடம், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கதிரை இருக்கிறது.

போரில் காயப்பட்டவர்கள் முதுமையடையும்போது வரும் பிரச்சினைகள் வேறு. கால் இழந்த ஒருவர் இருபது முப்பது வருடமாக மற்றக் காலில்தான் பாரம் முழுவதையும் போட்டிருப்பார். அதனால் நல்ல காலின் முழங்கால் மற்றவர்களுடையதைவிட முந்தியே பழுதாகிறது. செயற்கைக் காலோடு நடக்க உடம்பு செலவழிக்கும் சக்தியும் கூட. ஆகவே அவருக்கு "கூட நடவுங்கோ" என்பது சரியான ஆலோசனை அல்ல. கதிரையில் இருந்தபடி அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டைத் தூக்கி இறக்குவது, கைகளால் முன்னே குத்துவதுபோல் வேகமாக ஐந்து நிமிடம் அசைப்பது, கட்டிலில் குப்புறப் படுத்துத் தொடையைப் பின்னே உயர்த்துவது ஆகியவை அவருக்குப் பொருந்தும். குப்புறப் படுப்பது இடுப்பு மூட்டு மடிந்தபடியே இறுகிப் போகாமலும் காக்கும். எடை மாறினாலோ தசை வற்றினாலோ செயற்கைக் காலின் கிண்ணம் பொருந்தாமல் போகும். ஒவ்வொரு நாளும் கழற்றியபின் மிஞ்சிய காலின் தோலைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். சிவப்பு மாறாமல் இருந்தால் பயிற்சியை நிறுத்தி, கால் செய்து தந்த இடத்துக்குப் போக வேண்டும். பலர் புதுக் கால் கேட்கக் கூச்சப்பட்டுப் பழந்துணியைச் செருகிக்கொண்டு நடக்கிறார்கள்.

உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், அசைந்தால் அது ஓடி இதயத்துக்குப் போய்விடும் என்று பயந்து முடங்கிக் கிடப்பதுண்டு. வருடக்கணக்காக ஒரே இடத்தில் இருக்கும் துண்டைச் சுற்றி உடம்பு தழும்பு கட்டிவிடும். மெல்லிய பயிற்சியால் அது சாதாரணமாக அசையாது. புதிதாக நோவு, வீக்கம், விறைப்பு, கை கால் பலவீனம் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பும், இயன்மருத்துவப் பிரிவில் மின்னலைச் சூடு பிடிக்கும் முன்பும் உள்ளே இரும்பு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். காயம் எப்படி வந்தது என்று சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. எப்படி என்பது வேண்டாம், எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மூச்சு, செபம், சாந்தியாசனம் போன்ற எங்கள் மரபில் உள்ள தளர்வு முறைகளைப் போரின் மனவடுவுக்குப் பயன்படுத்துவது பற்றி எழுதியிருக்கிறார். நெஞ்சை விரித்து மெதுவாக மூச்சு விடுவது முதியவரின் தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் கண்ணை மூடி அசையாமல் படுத்திருக்கச் சொன்னவுடன் பங்கருக்குள் படுத்திருந்த ஞாபகம் வந்து பதறி எழும்புபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, கதிரையில், கதவு தெரியும் பக்கமாக இருந்து செய்யட்டும்.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் வருடக்கணக்காக இருந்த தாய்மாரில் பலர் பிள்ளையைக் காணாமலேயே போய்விட்டார்கள். இருப்பவர்கள் இன்னும் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் இருந்தால் கால் வீங்கும். அரை மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைத்து, எழும்பி நின்று, தோள்களைச் சுழற்றி இருங்கள். அந்தப் பக்கம் போகும் இளையவர்கள் இதைச் சேர்ந்து செய்து காட்டலாம்.

தனியாகத் தொடங்கிய பயிற்சி மூன்றாம் வாரம் நின்றுவிடும். ஐந்து பேராகத் தொடங்கியது நிற்பதில்லை. ஒருவர் வராவிட்டால் மற்றவர் படலையைத் தட்டுவார். கிராம அலுவலர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. பல இடங்களில் அவை வருடத்தில் ஒரு விழாவோடும் உலர் உணவுப் பொதியோடும் முடிந்துவிடுகின்றன. சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்கும் பத்துக் கதிரைகள் உண்டு. வாரத்தில் இரண்டு பின்னேரம் அந்தக் கதிரைகளே போதும். வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களுக்கும் ஒன்று: கோபுரத்துக்கு அனுப்பும் காசில் ஒரு சிறு பங்கில் கோயில் வீதியோரம் நாலைந்து வாங்கும், மலசலகூடங்களில் கைபிடிக் கம்பியும் போட்டால், அங்கே நடப்பவர்களின் எண்ணிக்கை கூடும்.

நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, பேச முடியாத இளைப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். இருந்தும் தணியாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தொடங்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் பையில் இரண்டு ரொபி வைத்திருங்கள்.

கடைசியாக, விழுந்தால் எழும்புவதையும் பழக வேண்டும். யாராவது பக்கத்தில் இருக்கும் ஒரு நாளில், பாயில் படுத்துப் பழகுங்கள். விழுந்தவுடன் எழும்ப அவசரப்படக்கூடாது. ஒரு நிமிடம் கிடந்து, எங்கே நோகிறது என்று பாருங்கள். ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், அல்லது இடுப்பை அசைக்க முடியாவிட்டால் எழும்ப முயல வேண்டாம். அப்படி இல்லையென்றால் ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வாருங்கள். கட்டில் அல்லது கனமான கதிரைவரை தவழ்ந்து போய், இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முதலில் ஊன்றி, கையால் தள்ளி எழும்பித் திரும்பி இருங்கள். முழங்காலில் நிற்க முடியாதவர்கள் இருந்தபடியே பின்பக்கமாக அரைந்து வாசல் படிக்குப் போய், ஒவ்வொரு படியாக ஏறி இருக்கலாம். தொலைபேசியை மேசையில் வைத்தால் நிலத்தில் கிடப்பவருக்கு எட்டாது. ஒரு சிறு துணிப் பை தைத்துக் கழுத்தில் தொங்கவிடுங்கள், மலசலகூடத்துக்குப் போகும்போதும் அது கழுத்தில் இருக்கட்டும்.